வானொலி கேள்வி – பதில்: வலிய அலைகளுக்கு முன்னால் ஒரு வடிகட்டி

சென்ற இதழில் இந்தப் பகுதியில் சிற்றலை ஆண்டெனாக்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கெடா மாநிலத்தின் பீடோங்கிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. அவை எழுப்பும் கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த அந்தச் சிறுநகரத்துக்கு வடமேற்கே 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை நிற்கிறது; அதன் உச்சியிலிருந்து சுற்றுவட்டாரத்துக்கு வானொலி, தொலைக்காட்சி அலைகள் புறப்படுகின்றன. பாட்டுக் கேட்க விரும்புகிறவருக்கு அது வரம். அதே ஊரில் கூரைமேல் கம்பி கட்டி மிக மெல்லிய சிக்னல்களைத் தேடுகிறவருக்கு அதுவே சோதனை. ஒதுக்கப்பட்ட அதிர்வெண்ணில் முறையாக ஒலிபரப்பாகும் அலையின் மீது குற்றம் எதுவும் இல்லை. அந்த வலிமையைத் தாங்காமல் திணறுவது நம் ரிசீவர்தான் என்பதால், மருந்தையும் நம் பக்கத்திலேயே தேடவேண்டியிருக்கிறது. வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றைத் தடுக்கும் வடிகட்டிதான் அந்த மருந்து.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழக மாணவர்கள், கணினியில் செருகும் சிறிய ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் ரிசீவரைக் கொண்டு, ரஷ்யாவின் மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோள் 137 மெகாஹெர்ட்ஸ் அருகில் அனுப்பும் மேகப் படங்களைப் பெற முயல்கிறார்கள். படம் துண்டு துண்டாகவே வருகிறது. திரையில் எஃப்எம் நிலையங்களின் சுவடுகள் இருக்கக்கூடாத இடங்களிலெல்லாம் தெரிகின்றன. சிக்னலைக் கூட்டுவதற்காக ஒரு பூஸ்டர் வாங்கி ரிசீவருக்கு முன்னால் போட்டோம். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. ட்யூன் செய்யக்கூடிய வடிகட்டி ஒன்று வாங்கலாமா, ஐயா? — கழகப் பொறுப்பாசிரியை, பீடோங்

பதில்: ஆசிரியை அம்மா, உங்கள் மாணவர்கள் எடுத்துக்கொண்டிருக்கும் வேலை மிகவும் நல்லது, அது கைகூடவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் அளவுகளைப் பாருங்கள். ஒரு மலையுச்சியிலிருந்து 10 கிலோவாட் ஆற்றலோடு புறப்படும் எஃப்எம் அலை, தடையில்லாமல் 10 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் எளிய டைபோல் ஆண்டெனாவை அடைந்தால், கேபிளில் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் கிடைக்கும் என்பது கணக்கு. (இது எடுத்துக்காட்டுக்காக நான் தேர்ந்த எண், உங்கள் மலையின் ஆற்றலைச் சொல்லவில்லை.) விண்ணிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் ஒரு மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், முன்னது பின்னதைப்போல் 30,000 மடங்கு, டெசிபலில் சொன்னால் 90. தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் காதருகே ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் கிராணியார் (கணக்கர்) வாசிக்கும் பெயர் காதில் விழாததுபோல, ரிசீவரின் முதல் பெருக்கி அந்த 30 மில்லிவோல்ட்டிலேயே நிறைந்துபோய், ஒரு மைக்ரோவோல்ட்டைக் கவனிக்கும் திறனை இழந்துவிடுகிறது.

இழப்பு அதோடு நிற்பதுமில்லை. எல்லை மீறி உந்தப்பட்ட பெருக்கி, தனக்குள் வந்த அலைகளைக் கூட்டியும் கழித்தும் புதிய அலைகளைத் தானே உண்டாக்கும். முதல் அலையின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்துக் கிடைக்கும் மூன்றாம் படிக் கலப்பு, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம் பட்டைக்குள் இருக்கும் நிலையங்களால் அதிகபட்சம் 128.5 வரைதான் எட்டும். அடுத்து வரும் ஐந்தாம் படிக் கலப்போ 149 வரை பரவுகிறது. 105 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் 89இல் ஒன்றும் இருப்பதாகக் கொள்ளுங்கள்: 105இன் மும்மடங்கு 315, அதில் 89இன் இரு மடங்கான 178ஐக் கழித்தால் மிஞ்சுவது சரியாக 137. வானத்தில் அப்படியோர் அலை இல்லவே இல்லை. அது உங்கள் ரிசீவருக்குள்ளேயே பிறந்து, செயற்கைக்கோளின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது பூஸ்டர் ஏன் கெடுத்தது என்பது விளங்கும். அது நல்லதையும் கெட்டதையும் ஒரே அளவில் பெருக்கி, 30 மில்லிவோல்ட்டை 300 ஆக்கி ரிசீவரிடம் கொடுத்தது. பல வேளைகளில் பூஸ்டரே முதலில் திணறி, கலப்பு அலைகளைத் தானே உண்டாக்கியும் அனுப்பும். 137இல் ஒருமுறை பிறந்துவிட்ட பொய் அலையை அதற்குப் பின்னால் வைக்கும் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் மெய்யான சிக்னலும் அதே அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. ஆகவே வரிசை இப்படி அமையட்டும்: ஆண்டெனா, அதையடுத்து வடிகட்டி, அதன் பிறகு பூஸ்டர், பின்பு நீண்ட கேபிள், கடைசியில் ரிசீவர்.

ட்யூன் செய்யும் வகை உங்களுக்குத் தேவையில்லை, அம்மா. நீங்கள் கேட்கப்போவது ஒரே ஓர் அதிர்வெண் வட்டாரம். அதற்கு 137 மெகாஹெர்ட்ஸை மட்டும் விடும் நிலையான வடிகட்டி இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது, அல்லது 88 முதல் 108 வரையுள்ள எஃப்எம் பட்டையை மட்டும் அடைக்கும் வகையும் போதும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால், மாணவர்கள் கைபட்டு இடம் மாறிவிடும் கவலையும் இருக்காது. பள்ளிக் கழகத்தின் பணம் ஒவ்வொரு ரிங்கிட்டும் மாணவர்களுடையது. தேவைக்கு மேல் செலவழிக்கவேண்டாம்.

கேள்வி: நான் ரப்பர் ஆலையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இலங்கை வானொலியையும் ஆல் இந்தியா ரேடியோவையும் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவன், இப்போது 7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அமெச்சூர் வானொலி அன்பர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பதில் ஆர்வம். தோட்டத்து வீட்டின் பின்னால் நீளமாகக் கம்பி கட்டிய பிறகு, மாலை வேளைகளில் வேற்றுமொழி ஒலிபரப்புகள் பேச்சின் மேல் வந்து விழுகின்றன. பழைய வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த கேங் கன்டென்சர், அதாவது தகடுகளைத் திருப்பிக் கொள்ளளவை மாற்றும் கன்டென்சர், கையில் இருக்கிறது. அதைக் கொண்டு நானே ஒரு வடிகட்டி செய்துகொள்ள முடியுமா? காயில் எத்தனை சுற்று? — பீடோங் அருகே ஒரு தோட்டத்திலிருந்து

பதில்: நிச்சயமாக முடியும், ஐயா. ட்யூன் செய்யும் வடிகட்டி தன் முழுப் பயனையும் தருவது உங்களைப்போல் பட்டை முழுவதும் அலைந்து கேட்பவரிடத்தில்தான். இதை அமெச்சூர்கள் பிரீசெலெக்டர் என்பார்கள்.

கருவியைத் தொடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆண்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றைப் போடுங்கள். பெரும்பாலான நல்ல ரிசீவர்களில் அதற்கென்று பொத்தானே இருக்கும். மேலே விழும் அந்நிய ஒலிபரப்பு மற்றச் சிக்னல்களோடு சேர்ந்து 10 டெசிபல் மட்டும் குறைந்தால், அது மெய்யாகவே அந்த அதிர்வெண்ணில் வருகிறது, வடிகட்டியால் பயனில்லை. மற்றவை 10 குறைய, அது மட்டும் அடியோடு மறைந்தால், உள்ளே பிறந்த கலப்பு என்று உறுதி. மூன்றாம் படிக் கலப்பு, உள்ளே வரும் வலிமை 10 டெசிபல் குறையும்போது 30 டெசிபல் குறையும் இயல்புடையது. பலருக்கு இந்தப் பொத்தானே போதுமான மருந்தாகிவிடுவதை மகிழ்ச்சியோடு சொல்லுகிறேன். மாலையில் 7 மெகாஹெர்ட்ஸில் இயற்கை இரைச்சலே மிகுதியாக இருப்பதால், ரிசீவரின் கூர்மையில் 10 டெசிபலை விட்டுக்கொடுத்தாலும் பெரும்பாலும் எதையும் இழக்கமாட்டீர்கள்.

உங்களுக்குத் தொல்லை எங்கிருந்து வரக்கூடும் என்று பாருங்கள். 9.5 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்திலும் 11.9 வட்டாரத்திலும் உலக ஒலிபரப்பு நிலையங்கள் நெருங்கி இருக்கின்றன. 9.5இன் இரு மடங்கு 19, அதில் 11.9ஐக் கழித்தால் 7.1, அதாவது நீங்கள் கேட்கும் அதே இடம். நீளக் கம்பி கட்டியபின் தொல்லை தொடங்கியதும் இதனால்தான்: கம்பி எல்லா நிலையங்களையும் ஒருசேர உரக்கக் கொண்டுவந்துவிட்டது.

இனிக் காயில். உங்கள் கேங்கின் ஒரு பகுதியின் கொள்ளளவு முழுவதும் மூடிய நிலையில் 365 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்கிறேன். 5 மைக்ரோஹென்றிக் காயிலும் 100 பிகோஃபாரட்டும் இணைந்தால் ஒத்திசைவு 7.1 மெகாஹெர்ட்ஸில் அமையும். கேங்கை முழுவதும் திறந்தாலும் கம்பிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொள்ளளவு சேர்ந்து 30 அளவில் நிற்கும். முழுவதும் மூடினால் 385 அளவு வரும். ஆக ஒரே காயிலில் ஏறத்தாழ 3.6 முதல் 13 மெகாஹெர்ட்ஸ் வரை உலாவலாம். ஒத்திசைவு கொள்ளளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், கொள்ளளவு 13 மடங்கு மாறினாலும் அதிர்வெண் மூன்றரை மடங்குதான் மாறுகிறது. டி68-2 என்னும் சிவப்பு நிற இரும்புத்தூள் வளையத்தில் எனாமல் கம்பியை 30 சுற்றுச் சுற்றினால் 5 மைக்ரோஹென்றி கிடைக்கும். கேங்கை இந்தக் காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்து, ஒரு முனையையும் கேங்கின் உடலையும் உலோகப் பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

ஆண்டெனாவையும் ரிசீவரையும் காயிலோடு நேரே இணைக்கக்கூடாது; இரண்டுக்கும் தனித்தனியே சில சுற்றுகள் கொண்ட சிறு இணைப்புக் காயில்களைப் போடவேண்டும். இந்தச் சுற்றுகளின் எண்ணிக்கையில்தான் வடிகட்டியின் குணமே இருக்கிறது என்பதால், இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். காயிலின் தனித்த தரம், அதாவது க்யூ, 200 என்று கொண்டு, இருபுறமும் 50 ஓம் இருப்பதாகக் கணக்கிட்டால், இணைப்புச் சுற்று மூன்று இருக்கும்போது வடிகட்டி விடும் அகலம் சுமார் 670 கிலோஹெர்ட்ஸ், வேண்டிய சிக்னலில் இழப்பு அரை டெசிபல். இரண்டு சுற்றானால் அகலம் 320 கிலோஹெர்ட்ஸ், இழப்பு ஒரு டெசிபல். ஒரே சுற்றானால் அகலம் 106 கிலோஹெர்ட்ஸாகக் குறுகி, இழப்பு மூன்றரை டெசிபலாக உயர்கிறது. கூர்மையை விரும்பினால் இழப்பை ஏற்கவேண்டும். காயிலின் சொந்தத் தரத்தை வடிகட்டியின் கூர்மை நெருங்க நெருங்க, சிக்னலின் பெரும்பகுதி காயிலுக்குள்ளேயே வெப்பமாகிவிடும்.

என் பரிந்துரை இரண்டு சுற்று. அதில் 9.5 மெகாஹெர்ட்ஸ் நிலையம் 22 டெசிபலும் 11.9 நிலையம் 27 டெசிபலும் குறைகின்றன. பார்ப்பதற்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் அந்தப் பொய் அலை உருவாவதில் முதல் நிலையம் இருமுறையும் இரண்டாவது ஒருமுறையும் பங்குகொள்வதால், இரண்டு 22உம் ஒரு 27உம் சேர்ந்து அது 70 டெசிபலுக்கு மேல் குறைந்துபோகிறது. நீங்கள் கேட்க விரும்பும் பேச்சோ ஒரே ஒரு டெசிபல்தான் குறைகிறது. ஒரு வளையமும் ஒரு பழைய கேங்கும் செய்யும் இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த வடிகட்டி எதைச் செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். நம் வட்டாரத்தில் 7.0 முதல் 7.2 வரை அமெச்சூர்களுக்கு, 7.2ஐத் தாண்டியதும் ஒலிபரப்பு நிலையங்கள். 7.25இல் இருக்கும் வலிய நிலையத்தை இரண்டு சுற்று வடிகட்டி மூன்று டெசிபல்கூடக் குறைக்காது. ஒரு சுற்று வடிகட்டியும் ஒன்பதரைதான் குறைக்கும். அவ்வளவு அருகில் இருப்பதைப் பிரிப்பது ரிசீவருக்குள் இருக்கும் படிகவடிகட்டியின் வேலை. அந்நிலையில் அட்டெனுவேட்டரும் அதுவும்தான் துணை.

கேங்கின் சுழல் தண்டில் பிளாஸ்டிக் குமிழ் பொருத்துங்கள். உலோகத் தண்டைக் கை தொட்டால் ட்யூனிங் நகரக்கூடும். தகடுகளுக்கு நடுவே உள்ள தூசியை மெல்லிய தூரிகையால் நீக்கி, சுழலும் தொடுமுனையைத் துடைத்துவிடுங்கள். பயன்படுத்தும்போது ரிசீவரை வேண்டிய அதிர்வெண்ணில் வைத்துவிட்டுக் கேங்கை மெதுவாகத் திருப்பினால், ஓர் இடத்தில் இரைச்சல் சட்டென்று எழும்பும். அதுவே சரியான நிலை. நீங்கள் மின்பணியாளராக இருந்தவர் என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை: சில பழைய வால்வு ரேடியோக்களில் சேசிஸ் என்னும் உலோகச் சட்டமே நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். இன்னும் பாகங்கள் எடுப்பதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கி, பெரிய கன்டென்சர்களின் மின்னேற்றத்தை வெளியேற்றிய பிறகே கை வையுங்கள்.

கேள்வி: ஐயா, நான் ஐந்தாம் படிவ மாணவன். என் ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் ரிசீவரைச் சிற்றலைக்காக, ஆண்டெனாவிலிருந்து வரும் அலையை நேரே அளந்து எண்களாக்கும் நேரடி மாதிரி (direct sampling) முறையில் ஓட்டுகிறேன். 15.2 மெகாஹெர்ட்ஸில் வரும் ஒரு நிலையம் 13.6இலும் அப்படியே கேட்கிறது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு இடத்தில் ஒலிபரப்புகிறார்களா? — மாணவன், பீடோங்

பதில்: தம்பி, இரண்டு எண்களையும் கூட்டிப் பார். 28.8 வருகிறதல்லவா? உன் ரிசீவர் வினாடிக்கு 2 கோடியே 88 இலட்சம் முறை அலையை அளக்கிறது. அந்த வேகத்தில் அதன் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அதிர்வெண்ணை ஐயமின்றி அடையாளம் காணமுடியும். அதற்கு மேலுள்ளவை 14.4ஐ மடிப்பாகக் கொண்டு கீழே மடங்கி விழும், 15.2 விழும் இடம் 13.6. அளந்து முடித்து எண்களாக மாறிய பிறகு எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. 14.4க்கு மேலுள்ளதை ஆண்டெனாப் பக்கமே வெட்டும் வடிகட்டி ஒன்று போட்டால் 13.6 தூய்மையாகிவிடும், இரண்டு பக்கமும் கேட்க விரும்பினால், மேலே ஐயா ஒருவருக்குச் சொன்ன ட்யூன் செய்யும் வகையே உனக்கும் பொருத்தம். இன்னொரு காரணமும் உண்டு: அதன் அளவீடு வெறும் 8 பிட். மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் நடுவே அது கையாளக்கூடிய இடைவெளி 50 டெசிபல் அளவுதான். வலிய நிலையம் ஒன்று அந்த இடத்தை நிரப்பிவிட்டால் மெல்லிய நிலையத்துக்கு இடமே இருக்காது; ஆகவே உன் கருவிக்கு முன்வடிகட்டி மிகவும் அவசியம்.

கேள்வி: எங்கள் லயன் வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் ரேடியோவில் மத்திய அலையும் சிற்றலையும் முழுக்க “கர்ர்” என்ற இரைச்சல். வீட்டுக்காரர் வடிகட்டி வாங்கலாம் என்கிறார். வாங்கலாமா? — இல்லத்தரசி, பீடோங்

பதில்: வேண்டாம், அம்மா. வடிகட்டி, வேறோர் அதிர்வெண்ணில் வரும் அலையை மட்டுமே தடுக்கும். மலிவான எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், கண்காணிப்புக் கேமராவின் அடாப்டர் போன்றவை உண்டாக்கும் இரைச்சல், நீங்கள் கேட்கும் அதிர்வெண் உட்பட எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. எந்த வடிகட்டியையும் அது நிலையத்தோடு சேர்ந்தே கடந்து வந்துவிடும்.

இந்த உண்மை வானொலியின் தொடக்கக் காலத்திலேயே வெளிப்பட்டது. ட்யூன் செய்யும் மின்சுற்றான இசைவுச் சுற்றுக்கு இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் 1897இலும், மார்க்கோனி 7777 என்னும் எண்ணுள்ள உரிமத்தின் மூலம் 1900இலும் காப்புரிமை கோரினார்கள். இசைவு செய்த கருவியில் பிறர் குறுக்கிட முடியாது என்ற நம்பிக்கை அன்று வலுவாக இருந்தது. 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மார்க்கோனியின் ஆலோசகர் ஃபிளெமிங் அதைச் செய்து காட்ட முனைந்தபோது, அருகிலிருந்து நெவில் மாஸ்கெலின் என்பவர் எளிய தீப்பொறிக் கருவியால் அனுப்பிய மோர்ஸ் ஒலிகள் அந்தக் கருவிக்குள் புகுந்து, “எலிகள்” என்று பொருள்படும் சொல்லை மீண்டும் மீண்டும் தட்டின. தீப்பொறியின் ஆற்றல் அகலப் பரவுவதால், இசைவுச் சுற்று எந்த இடத்தைத் திறந்து வைத்திருந்ததோ அந்த இடத்திலும் அது இருந்தது. இன்றைய சார்ஜர்கள் செய்வதும் அதையேதான்.

பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் உங்கள் வீட்டுக்குள். ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அதை மாற்றுவது நல்லது. மாற்ற முடியாவிட்டால் அதன் வயரை ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். நிற்கவில்லையென்றால், ரேடியோவோடு லயத்து வரிசை நெடுக நடந்து, எங்கே உரக்க ஒலிக்கிறதோ அந்த வீட்டாரிடம் அன்பாகப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: கையால் திருப்பும் கேங் பழங்காலத்து ஏற்பாடு அல்லவா? இராணுவ ரேடியோக்கள் வினாடிக்குப் பலமுறை அதிர்வெண் மாற்றுகின்றனவே. அவற்றின் வடிகட்டிகள் எப்படி ஈடுகொடுக்கின்றன? — தொழிற்கல்லூரி மாணவர், பீடோங்

பதில்: அமெரிக்க இராணுவத்தின் சின்கார்ஸ் ரேடியோ 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் வினாடிக்குச் சுமார் 111 முறை தாவுகிறது, ஒவ்வோர் இடத்திலும் தங்குவது 9 மில்லிவினாடி. கையோ மோட்டாரோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இத்தகைய வேகத்துக்கு மின்வழி ட்யூனிங் தேவை. அதற்கு எளியது வேரக்டர் டையோடு: அதற்குக் கொடுக்கும் எதிர்த்திசை மின்னழுத்தத்தை மாற்றினால் கொள்ளளவு மாறும். ஆனால் அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வலிய அலை வரும்போது, அந்த அலையின் மின்னழுத்தமே டையோடின் கொள்ளளவை அசைத்துவிடும். கலப்பு அலைகளைத் தடுக்க வைத்த வடிகட்டியே அவற்றை உண்டாக்கத் தொடங்கும். இரண்டு டையோடுகளை எதிரெதிராக இணைத்தால் இது குறையும்; முற்றிலும் போகாது.

அதனால், வலிய அலைகளின் நடுவே வேலை செய்யவேண்டிய கருவிகளில் வேறு வழியைக் கையாளுகிறார்கள். ஒன்றைவிட ஒன்று இரு மடங்கான எட்டு நிலையான கன்டென்சர்களை வைத்து, வேண்டியவற்றை மட்டும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான பின் (PIN) டையோடுகளாலோ ரிலேக்களாலோ இணைத்தால், 256 படிகளில் கொள்ளளவைத் தேர்ந்தெடுக்க முடியும். எந்த அதிர்வெண்ணுக்கு எந்தப் படி என்பதை நுண்செயலி நினைவில் வைத்துக்கொள்ளும். மைக்ரோ அலைகளுக்கு இட்ரியம் இரும்புக் கார்னெட் என்னும் படிகத்தாலான, மில்லிமீட்டர் அளவிலும் சிறிய கோளத்தைக் காந்தப்புலத்தில் வைக்கிறார்கள். புலம் ஒரு காஸ் (காந்தப்புலத்தின் அலகு) ஏறினால் ஒத்திசைவு 2.8 மெகாஹெர்ட்ஸ் ஏறும். அலைகளை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் பல ஸ்பெக்ட்ரம் அனலைசர்களின் முன்வாசலில் இருப்பது இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும், வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குக் கேங் கன்டென்சரையே நான் பரிந்துரைக்கிறேன். தகடுகளுக்கு நடுவே இருப்பது வெறும் காற்று. எவ்வளவு வலிய அலை வந்தாலும் அதன் கொள்ளளவு அசைவதில்லை. பழையது என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: மைடிவி என்னும் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்க்கக் கூரையில் பூஸ்டர் வைத்திருக்கிறோம். அருகில் புதிய கைப்பேசிக் கோபுரம் எழுந்த பிறகு சில அலைவரிசைகள் உறைந்து நிற்கின்றன. — பீடோங் வாசகர்

பதில்: 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபின், தொலைக்காட்சி 694 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டது, அதற்கு மேலே 700 பட்டையில் கைப்பேசிக் கோபுரங்கள் 758 முதல் 803 வரை அனுப்புகின்றன. பழைய பூஸ்டர்கள் 862 வரை எல்லாவற்றையும் பெருக்குபவை. முதலில் பூஸ்டரை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். மலை கண்ணுக்குத் தெரியும் ஊரில் பூஸ்டரே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டால், 694க்கு மேல் வெட்டும் நிலையான வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால், ஆண்டெனாப் பக்கம் வையுங்கள்.

கேள்வி: அமெச்சூர் உரிமம் பெற்றிருக்கிறேன். பேசவும் கேட்கவும் ஒரே பெட்டிதான். இந்தப் பிரீசெலெக்டரை ஆண்டெனா வழியில் அப்படியே போட்டுவிடலாமா? இடிமின்னலிலிருந்தும் அது பெட்டியைக் காக்குமா? — பீடோங் வாசகர்

பதில்: இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில். கேட்பதற்காகச் செய்த வடிகட்டியின் வழியே 100 வாட் அனுப்பினால், ஒத்திசைவுச் சுற்றில் எழும் மின்னழுத்தம் கேங்கின் தகடுகளுக்கிடையே தீப்பொறியாகப் பாயும், வளையம் சூடேறும், டையோடு வகையாக இருந்தால் அது அக்கணமே எரிந்துபோகும். உங்கள் பெட்டியில் கேட்பதற்கு மட்டும் தனி ஆண்டெனாச் சாக்கெட் இருந்தால் வடிகட்டியை அங்கே இணையுங்கள். இல்லையென்றால், பேசும் பொத்தானை அழுத்தியதும் வடிகட்டியைச் சுற்றிக் கடந்து செல்லும்படி ஒரு ரிலே வேண்டும், அந்த ரிலே அனுப்பும் ஆற்றல் எழும்புமுன் மாறி முடித்திருக்கவேண்டும். மின்னலைப் பொறுத்தவரை, வாயுக்குழாய்ப் பாதுகாப்பி அருகில் விழும் மின்னலின் தூண்டலைக் குறைக்கும். நேரே விழுவதைத் தாங்காது. வானம் இருண்டதும் ஆண்டெனாக் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள், மின்பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடவேண்டாம்.